ரவி வர்மாவின் தொழில் கணக்கு: ஒரு வரலாற்று ஓவியரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

நாகர்கோவில் வட்டாரத்தில் போர்டு எழுதுகிறவர், கோயில் சுவரில் சித்திரம் போடுகிறவர், சர்ச் பீடத்துக்கு மேலே சம்மனசு வரைகிறவர் என்று யாரிடம் ரவி வர்மா பேச்சை எடுத்தாலும் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். கை அப்படிப்பட்ட கை, அப்புறம் அரண்மனைக்காரர், பிறகென்ன என்பார்கள். கையும் உண்மைதான், அரண்மனையும் உண்மைதான். ஆனால் அதே காலத்தில் அரண்மனைக்காரர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள், நல்ல கைக்காரர்களும் இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதனால் இவரை ஒரு தொழில்காரராக எடுத்துக்கொண்டு, யாரிடம் கற்றார், யார் காசு கொடுத்தார்கள், எதை வரைந்தார், எதை விட்டார், எங்கே கையைச் சுட்டுக்கொண்டார் என்று பார்க்கலாம் என்று தோன்றியது.

இதில் எதை விட்டார் என்பதுதான் குமரி மாவட்டத்துக்காரனான எனக்கு முதலில் உறுத்தியது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போன எல்லாருக்கும் டச்சுப் படைத்தலைவர் டிலனாய் சரணடையும் படம் ஞாபகம் இருக்கும். 1741 ஆகஸ்ட் 10, குளச்சல். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார், பிடிபட்ட டிலனாய் பிறகு அதே ராஜாவுக்குப் படை பழக்கி, வலிய கப்பித்தான் என்று பெயரெடுத்து, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமாகிக் கிடக்கிறார். ஒரு வரலாற்று ஓவியருக்கு இதைவிட என்ன கதை வேண்டும்? மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று, கப்பலில் இருந்தவர்களுக்குப் பெரிய படை நிற்பது போலக் காட்டினார்கள் என்று குளச்சல் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, அந்த ஒரு காட்சி போதும், பெரிய கித்தானில் பின்னி எடுக்கலாம்.

இத்தனைக்கும் ரவி வர்மாவுக்கு இது வீட்டுக் கதை. மார்த்தாண்ட வர்மாவின் தந்தை கிளிமானூர்க் குடும்பத்துக்காரர். அந்த ராஜாவே 1753இல் கிளிமானூருக்கு வரிவிலக்கும் தனி அதிகாரமும் கொடுத்தார். அதே வீட்டில் 1848 ஏப்ரல் 29 அன்று பிறந்தவர் நம் ஓவியர். அந்த நாளில் கிளிமானூரும் நாகர்கோவிலும் ஒரே திருவிதாங்கூர், நாம் பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல்தான். இருந்தும் அவருடைய பேர்போன படங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் சகுந்தலை இருக்கிறாள், தமயந்தி இருக்கிறாள், மேனகை இருக்கிறாள், குளச்சல் இல்லை.

இதை வடசேரியில் போர்டு எழுதும் ஒரு அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் தூரிகையைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னார். "எல மக்கா, குளச்சல் கதை இங்க நாலு ஊருக்குத் தெரியும். சகுந்தலை கதை காசி வரைக்கும் தெரியும்லா. ஆர்டர் எங்கேருந்து வரும்னு நீயே சொல்லு."

நான் எத்தனையோ பக்கம் படித்துத் தேடிய பதில் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அது எப்படி நடந்தது என்பதில்தான் ருசி இருக்கிறது.

கற்றுக்கொண்ட விதம்

தாய்மாமா ராஜராஜ வர்மா தஞ்சாவூர் பாணியில் படம் வரைவார், பையனுக்கு முதல் பாடம் அவரிடம்தான். பதினான்கு வயதில், 1862இல், மாமா அவனைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் காட்டினார். மகாராஜாவுக்குப் பிடித்துப்போய் அங்கேயே தங்கச் சொன்னார். இடம் கிடைத்தது, நல்ல படங்களைப் பார்க்கக் கிடைத்தது, ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை.

அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் மதுரைப் பக்கத்தவர். எண்ணெய் வண்ணம் அவருக்குத் தெரியும். பையனுக்கு அதைச் சொல்லித்தர மனம் வரவில்லை. இதற்காக அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. ராஜா வீட்டுப் பையன் ஒருவன் வந்து, தன் பிழைப்புக்கு ஆதாரமாக இருக்கிற ஒரே வித்தையைக் கேட்கிறான், சொல்லிக்கொடுத்தால் நாளைக்குத் தன் இடம் போய்விடும் என்று எந்தத் தொழில்காரனுக்கும் தெரியும். நாயக்கரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை என்கிற தமிழர்தான் ரகசியமாக வந்து தனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொடுத்தார் என்று ரவி வர்மாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி வரலாறு வேறு ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான்.

1868இல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பியர் மகாராஜாவை வரைய வந்தார். அவரும் சொல்லித்தர மாட்டேன் என்றார், வேண்டுமானால் நான் வரையும்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று மட்டும் சம்மதித்தார். பார்த்தே கற்றுக்கொண்டார் பையன். எண்ணெய் வண்ணத்தில் கஷ்டம் என்னவென்றால் அது சீக்கிரம் காயாது. காயாததுதான் வசதியும். கன்னத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் குழைக்கலாம், மறுநாள் வந்து திருத்தலாம். தஞ்சாவூர்ப் பலகையில் தங்கரேக்கும் கல்லும் செய்கிற வேலையை இங்கே வெளிச்சம் செய்கிறது. நகை ஜொலிப்பதற்குத் தங்கம் வேண்டாம், மஞ்சளும் பழுப்பும் ஒரு பொட்டு வெள்ளையும் போதும் என்பதை அவர் பிடித்துக்கொண்ட நாளில் பாதித் தொழில் கைக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

முகம் வரைந்த காலமும் கதை வரைந்த காலமும்

1870இல் கோழிக்கோட்டு நீதிபதி ஒருவரின் குடும்பத்தை வரைந்து கூலி வாங்கியதுதான் முதல் கட்டண வேலை என்பார்கள். 1873இல் மதராஸ் கண்காட்சியில் மல்லிகைச் சரத்தால் தலையை அலங்கரிக்கும் நாயர் பெண் படத்துக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது, அதே படம் வியன்னாவிலும் பரிசு வாங்கியது. 1876இல் சகுந்தலை துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் படம். மதராஸ் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு அதை வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் திருப்பம். அன்றைய ஐரோப்பியக் கலைக்கூடங்களில் படங்களுக்குள் ஒரு படிநிலை இருந்தது. காய்கனி, நிலக்காட்சி எல்லாம் கீழே, முகப்படம் அதற்கு மேலே, எல்லாவற்றுக்கும் உச்சியில் வரலாற்று ஓவியம். அந்த உச்சிப் படியில் போரும் அரசர் செயலும் மட்டும் இல்லை, புராணமும் வேதாகமமும் காவியமும் சேர்ந்தே இருந்தன. ஆகவே சகுந்தலையை வரைந்தவர் அந்தக் கணக்கில் வரலாற்று ஓவியர்தான், குறுக்கு வழியில் போனவர் இல்லை.

நிஜமாக நடந்ததை அவர் வரையவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1880இல் பக்கிங்ஹாம் பிரபு திருவனந்தபுரத்துக்கு வந்ததையும், மகாராஜாவும் அவர் தம்பியும் வரவேற்றதையும் மறு வருஷம் பெரிய படமாகப் போட்டார். நான் அதை அச்சில்தான் பார்த்திருக்கிறேன். உடையும் முகமும் விரிப்பும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் படத்தில் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் எல்லாருக்கும் அடையாளம் தெரிகிற மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது, யார் முன்னே யார் பின்னே என்கிற மரியாதை கெடக் கூடாது, கவர்னருக்கும் குறை வரக் கூடாது, ராஜாவுக்கும் குறை வரக் கூடாது. கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் என்ன கதை சொல்ல முடியும்? இதே காலத்துச் சீதை படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூமி பிளந்து தாய் மகளை எடுத்துக்கொண்டு போகிறாள், அங்கே யாருக்கும் மரியாதை பார்க்க வேண்டியதில்லை, ராமனின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல எந்தத் திவானும் வரப்போவதில்லை. கை கட்டவிழ்ந்த மாதிரி இருக்கிறது.

சரி, குளச்சலை யார் கேட்டிருக்க முடியும்? திருவிதாங்கூர் ராஜா மட்டும்தான். ஸ்பெயினில் வெலாஸ்கெஸ் பிரேடா நகரம் சரணடைந்த காட்சியை 1635 வாக்கில் வரைந்தார் என்றால், அங்கே நான்காம் பிலிப் தன் வெற்றிகளைத் தொங்கவிட ஒரு அரண்மனை மண்டபமே தயாராக வைத்திருந்தார். அதிலும் தோற்றவர்கள் டச்சுக்காரர்கள்தான் என்பது ஒரு வேடிக்கை. இங்கே ஆயில்யம் திருநாளுக்கு முகப்படங்களில்தான் ஆசை. அவர் 1880இல் காலமானார். அடுத்து வந்த விசாகம் திருநாளுக்கும் ரவி வர்மாவுக்கும் உறவு கெட்டுப்போனது. சொந்த ராஜ்யத்தின் கதவு பாதி சாத்திய நிலையில், சொந்த ராஜ்யத்தின் வெற்றியை யாருக்காக வரைவது? இன்னொன்றும் இருக்கிறது, இது என் ஊகம் மட்டும்தான்: பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியான வெள்ளைக்கார ரெசிடெண்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில், தோற்றது டச்சுக்காரனாகவே இருந்தாலும், வெள்ளைக்காரன் சரணடைகிற காட்சியை அரண்மனைச் சுவரில் மாட்ட ஒரு ராஜா இரண்டு தடவை யோசித்திருப்பார்.

மாதவ ராவும் பரோடாவும்

சர் டி. மாதவ ராவ் கும்பகோணத்தில் பிறந்தவர், திருவிதாங்கூரில் திவானாக இருந்து 1872இல் விலகியவர், பிறகு பரோடாவுக்குத் திவானாகப் போனவர். ரவி வர்மாவின் திறமையைத் திருவனந்தபுரத்திலேயே பார்த்திருந்த இந்தத் தஞ்சாவூர் மராட்டியர்தான் பரோடா வாசலைத் திறந்துவிட்டார். 1881இல் பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் முழு அதிகாரம் ஏற்ற சமயத்தில் ரவி வர்மாவும் தம்பி ராஜராஜ வர்மாவும் அங்கே போனார்கள். (மாமாவுக்கும் இதே பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1888இல் அதே கெய்க்வாட் பதினான்கு புராணப் படங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். கூலி 50,000 ரூபாய் என்பார்கள். நளன், மேனகை, சாந்தனு, சைரந்திரி, அர்ஜுனன், தேவகி என்று நீளும் வரிசை.

பதினான்கு படத்துக்கும் ஒரே தலைவலி, உடை. மகாபாரதத்துப் பெண் என்ன உடுத்தினாள்? கேரளத்து முண்டா, தமிழ்ச் சேலையா, வடநாட்டுப் பாவாடையா? விடை தேடி அண்ணனும் தம்பியும் வடஇந்தியா முழுக்கச் சுற்றினார்கள். பழைய சிற்பங்களைப் பார்த்தார்கள், எல்லாருக்கும் பொதுவான ஒரு பழைய உடை எங்கும் அகப்படவில்லை. கடைசியில் சேலைக்கே வந்து நின்றார்கள், அதிலும் மராட்டியக் கட்டு நிறையவே எட்டிப் பார்க்கிறது. அவர் செய்ததில் மிகத் துணிச்சலான காரியம் இதுதான் என்பேன். கொடுத்த காசுக்குப் பரோடாவில் ஏற்க வேண்டும், மதராஸில் சிரிக்கக் கூடாது, பம்பாயில் விற்க வேண்டும். இன்றைக்கு நம் ஊர்க் கோயில் திருவிழாவில் திரௌபதி வேஷம் போடும் பெண்ணுக்குச் சேலை கட்டிவிடுகிறவர்கள் யாரும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

அவருடைய படங்களில் முகமும் கையும் நாடக மேடையில் நிற்பது போல இருக்கிறது என்ற குறை அன்றே எழுந்தது. கலை விமர்சகர் ஆனந்த குமாரசாமி 1907 வாக்கிலேயே கடுமையாக எழுதினார், வங்காளத்துப் புதிய ஓவியர்களின் பக்கம் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். குறை பொய்யில்லை. அழுகிற பெண் அழகு கெடாமல் அழுகிறாள், கோபப்படுகிற அரசன் மேடையின் ஓரத்தைப் பார்த்துக் கோபப்படுகிறான். ஆனால் கதை தெரிந்த கூட்டத்துக்காக வரைகிறவன் அந்த ஒரு கணத்தை எட்டி நின்று பார்த்தாலும் புரிகிற மாதிரிதான் நிறுத்த வேண்டியிருக்கிறது. குமாரசாமி கேட்ட உள்ளொளி வேறு கடைச் சரக்கு.

ஒரு படம் மட்டும் இந்தக் கணக்குகளுக்குள் வராது. 1893இல் போட்ட, 'அதோ அப்பா வருகிறார்' என்று குழந்தைக்குத் தாய் காட்டும் படம். தாயாக நிற்பது அவருடைய மூத்த மகள். தாய்வழியில் குடும்பம் நடக்கிற, அப்பா வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போகிற மருமக்கத்தாயக் குடும்பத்தில் அந்த ஒரு விரல் நீட்டலுக்கு எவ்வளவு அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். நாஞ்சில் நாட்டில் விளக்க வேண்டாம். நம் வெள்ளாளர் வீடுகளிலும் 1926இல் சட்டம் வரும்வரை அதுதான் வழி, தேரூர்க் கவிமணி அதைக் கிண்டல் பண்ணிக் கிழித்துப் போட்டிருக்கிறார்.

கல்லச்சு

1893இல் சிகாகோ கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் போய்ப் பரிசு வாங்கின. அடுத்த வருஷம் 1894இல் பம்பாயில் அச்சகம். படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சுப் போடலாமே என்ற யோசனையை மாதவ ராவ் பத்து வருஷம் முன்பே சொல்லியிருந்தார். இவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போய் ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் ஆட்களும் வரவழைத்தார்கள்.

அந்த வேலை எப்படி என்று தெரிந்தால்தான் நஷ்டம் எப்படி வந்தது என்று புரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் அந்த நிறம் வர வேண்டிய இடத்தை மட்டும் எண்ணெய்ப் பசையுள்ள மையால், இடம் வலம் மாற்றி வரைய வேண்டும். கல்லை நனைத்தால் வரைந்த இடத்தில் தண்ணீர் ஒட்டாது, மை ஒட்டும். ஒரே தாள் கல் கல்லாக ஏறி இறங்க வேண்டும், பத்துக்கும் மேற்பட்ட நிறம் என்றால் அத்தனை தடவை. ஒரு தடவை மயிரிழை விலகினாலும் லட்சுமியின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். கல், மை, தாள், ஜெர்மன் சம்பளம் எல்லாம் முன்பணம். விற்ற காசோ சிறுகச் சிறுகத்தான் வரும்.

இதற்கிடையில் 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. ஊரே காலியானது. அச்சகத்தை லோணாவாலா பக்கத்தில் மளவ்லிக்கு மாற்றினார்கள். கடன் ஏறியது. கடைசியில், 1900களின் தொடக்கத்தில், அங்கே வேலை பார்த்த பிரிட்ஸ் ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியருக்கே அச்சகத்தையும் படங்களின் அச்சுரிமையையும் விற்றுவிட்டார்கள். படத்துக்கு உடையும் முகமும் தேர்ந்தெடுத்ததில் சந்தையை அவ்வளவு துல்லியமாகப் படித்த மனுஷன், அதே படத்தை விற்கிற கடையை நடத்தத் தெரியாமல் போனதுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் வியப்பாக இருந்த இடம். ஒன்று செய்திருக்கலாம், அச்சை வேறு ஒருவர் தலையில் கட்டிவிட்டு ஒரு பிரதிக்கு இவ்வளவு என்று வாங்கியிருக்கலாம். சொல்வது எளிது, அன்றைக்கு அந்த மாதிரி ஒப்பந்தத்தை மதித்து நடக்கிற அச்சகத்தை எங்கே தேடியிருப்பார்?

நஷ்டம் அவருக்கு, பலன் ஊருக்கு. 1896இல் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் அச்சாகிப் போய்ச் சேராத இடமில்லை. திருவிதாங்கூரில் எல்லா இந்துக்களும் கோயிலுக்குள் நுழையலாம் என்ற ஆணை வந்தது 1936 நவம்பர் 12இல். அதற்கு முன்னால் சுசீந்திரம் கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடக்கவே போராட வேண்டியிருந்தது. கர்ப்பகிரகத்தை எட்டிப் பார்க்க முடியாத ஒரு குடும்பம், கண்ணாடிச் சட்டம் போட்ட லட்சுமியை வீட்டுச் சுவரில் மாட்டி நேருக்கு நேராகக் கும்பிட முடிந்தது என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அரண்மனையில் பிறந்த ஒருவர், கடனடைக்க முடியாமல் விற்ற அச்சகத்தின் வழியாக நடந்த காரியம் இது. மளவ்லி அச்சகத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்த தாதாசாகேப் பால்கே பிறகு இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப் படத்தை எடுத்தார் என்பது இன்னொரு கிளைக்கதை, அதற்குள் போனால் இது முடியாது.

தம்பி

இந்தத் தொழிலைத் தனி ஆள் தொழிலாகச் சொல்வது பெரிய அநியாயம். ராஜராஜ வர்மா நிலக்காட்சியில் தேர்ந்தவர், பல படங்களில் பின்னால் தெரிகிற மரமும் தண்ணீரும் அவர் கை. பயணம், கடிதம், கணக்கு, வாடிக்கையாளரைச் சந்திப்பது என்று பட்டறையின் பாதிச் சுமை அவர்மேல் இருந்தது. 1895 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பு மட்டும் இல்லையென்றால் இந்த அண்ணன் தம்பி தினசரி எப்படி வேலை பார்த்தார்கள் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. போட்டோ பார்த்து வரைந்தார்கள், நாடகத்துக்குப் போனார்கள், கண்காட்சிகளுக்குப் படம் அனுப்பினார்கள், காசு வராத இடத்துக்கு ஞாபகக் கடிதம் போட்டார்கள். நம் அண்ணாச்சிமார்களுக்கு இதில் ஒன்றும் புதிதில்லை.

1904இல் ரவி வர்மாவுக்குக் கைசர்-ஏ-ஹிந்த் பதக்கம் கிடைத்தது. 1905 ஜனவரியில் தம்பி இறந்தார். அப்போது மைசூர் மகாராஜா கொடுத்த ஒன்பது படங்களின் ஆர்டர் கையில் இருந்தது. நீரிழிவு நோயோடு அண்ணன் அதை முடித்துக்கொடுக்கப் பார்த்தார். 1906 அக்டோபர் 2இல் கிளிமானூரில் காலமானார்.

அந்த மைசூர் வரிசையில் ராமன் கடலரசனை அடக்கும் படம் ஒன்று உண்டு. இலங்கைக்கு வழிவிடாத கடலின்மேல் ராமன் வில்லை வளைக்கிறான், அலை எழும்பிக் கரைப்பாறையில் மோதுகிறது. மற்ற படங்களில் உள்ள மேடைத்தனம் இதில் குறைவு, அலையில் நிஜமான கனம் இருக்கிறது. தென்கரைக் கடலை அவர் இவ்வளவு பெரிதாகப் போட்டதும் கடைசியில் மைசூர்க் காசில்தான். படம் இன்றும் அங்கே ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. அவருடைய படங்கள் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாத கலைச் செல்வங்கள் என்று 1979இல் அரசு அறிவித்துவிட்டதால், போய்ப் பார்க்க நினைப்பவர்கள் மைசூருக்கு டிக்கெட் போட்டால் போதும்.